பல் ஆடுகிறது, ஸ்டெம் செல் வைத்தால் இறுகுமா?

கேள்வி:

என் வீட்டுக்காரருக்கு வயது 54. உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஏழு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது ரொம்ப நாளாகவே உண்டு. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கீழே முன்பல் இரண்டும், மேலே வலப்பக்கம் கடைவாய்ப்பல் ஒன்றும் ஆடுகின்றன. முறுக்கு, சீடை எல்லாம் விட்டாயிற்று. வெற்றிலை போடுவார், புகையிலையும் சேர்த்துத்தான். உள்ளூரில் காட்டியபோது க்ளீன் பண்ண வேண்டும் என்றார்கள். "காரையை எடுத்தா இருக்கிற பல்லும் கழண்டு விழுந்துரும்" என்று என் மாமியார் சொன்னதால் பயந்து செய்யவில்லை.

போன மாதம் வெளியூரில் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போனோம். கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து ஈறுக்குள் வைத்தால் எலும்பு மறுபடி வளர்ந்து பல் இறுகிவிடும் என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். என் பேத்திக்கு ஏழு வயது, பால் பல் விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பல்லைப் பணம் கட்டிப் பத்திரப்படுத்தி வைத்தால் பிற்காலத்தில் குடும்பத்துக்கே உதவும் என்றும் சொன்னார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா? இதில் எது உண்மை என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, சாயர்புரம்

பதில்:

நகை பெட்டியிலேயே இருக்கட்டும், சகோதரி. அதை எடுக்க வேண்டிய அவசியம் உங்கள் வீட்டுக்காரரின் பற்களுக்கு இன்னும் வரவில்லை.

கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே அவர்கள் செய்ய நினைத்தது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பெயர் பி.ஆர்.எஃப். நோயாளியின் ரத்தத்தைச் சில குழாய்களில் பிடித்து உடனே இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். நடுவில் இளமஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி கிடைக்கும். அதில் ரத்தத் தட்டணுக்கள், வெள்ளணுக்கள், புண்ணை ஆற்றும் புரதங்கள் இருக்கும். ஈறு அறுவை செய்யும்போது எலும்புப் பள்ளத்தில் இதை வைத்துத் தைப்பார்கள். 2001இல் பிரான்சில் ஷூக்ருன் என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை இது. நல்ல முறைதான். பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரியின் ஈறு நோய்த் துறையினர் 2011, 2012 வாக்கில் இதை முறையாகச் சோதித்தார்கள். வெறும் அறுவை மட்டும் செய்த பள்ளங்களைவிட இது வைத்த பள்ளங்களில் எலும்பு கூடுதலாக நிரம்பியது. நானும் தேவைப்படும் இடத்தில் செய்கிறேன்.

ஆனால் அது ஸ்டெம் செல் சிகிச்சை அல்ல. எலும்பையும் பல்லைத் தாங்கும் நாரையும் உண்டாக்கவல்ல ஸ்டெம் செல்லைக் கை நரம்பில் எடுக்கும் ஒரு குழாய் ரத்தத்திலிருந்து அரை மணி நேரத்தில் பிரித்துவிட முடியாது. குழாயும் சுழற்றும் இயந்திரமும் போதும் என்கிற ஒரு வேலைக்கு ஸ்டெம் செல் என்று பெயர் வைத்து லட்சம் கேட்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பல் போய்விடுமோ என்ற பயத்தில் வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லக்கூடாது.

சரி, உண்மையான ஸ்டெம் செல் சிகிச்சை என்பது எது? உங்கள் ஊர்க் கடலிலேயே அதற்கு ஓர் உவமை இருக்கிறது. தூத்துக்குடியில் 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு கடலடி முத்துப்பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. அப்போது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் அழகர்சுவாமியும் உடன் இருந்தவர்களும் முத்தை வளர்த்தே எடுக்க முயன்று, 1973இல் வேப்பலோடையில் வெற்றி கண்டார்கள். சிப்பிக்குள் சின்ன உருண்டை ஒன்றை வைப்பார்கள். கூடவே வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் பொடித்துண்டு ஒன்றை நறுக்கி ஒட்ட வைப்பார்கள். அந்தத் துண்டிலுள்ள செல்கள் பெருகி உருண்டையைச் சுற்றிப் பையாகப் படர்ந்து, அடுக்கடுக்காக முத்துப்பூச்சைச் சுரக்கும். உருண்டை மட்டும் வைத்தால் முத்து வராது, உயிருள்ள செல் வேண்டும். செல் மட்டும் போதாது, அது படர ஓர் உருண்டை வேண்டும். இரண்டும் இருந்தாலும் சிப்பி ஆரோக்கியமாக இல்லையென்றால், மேலே அப்பும் பாசியையும் கொட்டலசுகளையும் அவ்வப்போது சுரண்டிக் கழுவாவிட்டால், சிப்பியே செத்துப்போகும்.

ஈறுக்குள்ளும் இதே கதைதான். மேலுறைச் செல் ஸ்டெம் செல் அல்ல, அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பல் எலும்புக்குள் ஆணிபோல் அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. நார்களின் ஒரு முனை வேரின் மேலுள்ள சிமென்டம் என்ற பூச்சிலும், மறுமுனை தாடை எலும்பிலும் புதைந்திருக்கும். தொட்டிலைக் கயிறு தாங்குவதுபோல் அவைதான் பல்லைத் தாங்குகின்றன. ஈறு நோய் முற்றும்போது இந்த மூன்றுமே அழிகின்றன. எலும்பை மட்டும் வளர்த்தால் போதாது. சிமென்டம் வளர வேண்டும், நார் வளர வேண்டும், நாரின் இரு முனைகளும் சரியான இடத்தில் போய்ப் புதைய வேண்டும். ஈறு நோய் மருத்துவத்தில் எல்லோரும் திணறும் இடம் இதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காயம்பட்ட இடத்துக்கு எந்தச் செல் முதலில் வந்து சேருகிறதோ அதுவே அங்கே என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று 1976இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் எழுதினார். ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக ஓடிவரும். அவை முந்திக்கொண்டால் புண் ஆறும், ஆனால் நார் வளராது. எனவே 1982இல் சுவீடனில் நைமன் குழுவினர் நடுவே ஒரு சல்லடைத் தாளை வைத்து மேல்தோலைத் தடுத்து, நார்ப்படலச் செல்களுக்கு வழிவிட்டுப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. இன்று நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சவ்வு வைத்துச் செய்யும் அறுவை அந்த வழியில் வந்ததுதான்.

அந்த நார்ப்படலத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்பதை 2004இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களில் கண்டுபிடித்தார்கள். பிடுங்கிய ஞானப்பற்களின் வேரிலிருந்து அந்தச் செல்களைச் சுரண்டி எடுத்து, வளர்த்து, சுண்டெலிகளின் உடலில் வைத்தபோது சிமென்டமும் நாரும் போன்ற அமைப்பு உருவானது. எங்கள் துறையில் அன்று எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை பிறந்தது. எனக்கும்தான்.

பிறகு மனிதர்களிடம் சோதித்தார்கள். 2016இல் சீனாவின் சியான் நகரிலிருந்து வந்த ஆய்வில் 30 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு அவரவர் பல்லிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்லோடு எலும்புத் துகளும், மறு பிரிவினருக்கு எலும்புத் துகள் மட்டும் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவினருக்கும் எலும்பு வளர்ந்திருந்தது, இருவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2020இல் ஸ்பெயினில் 20 பேரிடம் நடந்த ஆய்விலும் ஏறக்குறைய இதே முடிவு. இத்தாலியில் 2018இல் பல்லின் உள்ளிருக்கும் கூழை எடுத்து வைத்த ஓர் ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது, ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 29 பேர்தான். அந்த முறைக்கு உயிருள்ள பல் ஒன்றைப் பிடுங்கவும் வேண்டும்.

அண்மையில் வந்ததில் பெரியது 2025இல் வெளியான சீன ஆய்வு. 132 பேர். வேறொருவரின் பல் கூழிலிருந்து ஆய்வகத்தில் பெருக்கிய செல்களை ஊசியாகவே ஈறில் போட்டார்கள். நோய் ஓரளவு முற்றியவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடச் சற்றுக் கூடுதல் பலன் கிடைத்தது. கூடுதல் என்பது சராசரியாக ஒரு மில்லிமீட்டரை விடக் குறைவு. ஈறு மருத்துவத்தில் அரை மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு, அதனால் இந்த முடிவு எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் ஆடும் பல் ஒரே ஊசியில் இறுகிவிடும் என்று யாராவது சொன்னால், அதற்கு இதுவரை உலகில் எங்கும் ஆதாரம் இல்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாக இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் போன்ற ரத்தம் சார்ந்த நோய்களுக்கு ரத்த ஸ்டெம் செல்லை மாற்றி வைப்பது நிலைபெற்ற சிகிச்சை. நம் வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று 1986 முதல் நடக்கிறது. அது போன்றவை தவிர மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் என்பது ஆராய்ச்சி. அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே அதை மனிதருக்குத் தரலாம். ஈறு நோயும் இதில் அடங்கும். சோதனையில் சேர்கிறவரிடம் அந்தச் சோதனைச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. அதனால் பாதிப்பு வந்தால் மருத்துவம் பார்ப்பதும் இழப்பீடு தருவதும் நடத்துகிறவர்களின் கடமை. எனவே அந்த மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டுதான். "இது சோதனையா? அப்படியென்றால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?" சி.டி.ஆர்.ஐ. என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் அரசுப் பதிவேடு. "சோதனையென்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. எண் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பேத்தியின் பால் பல்லுக்கு வருகிறேன். பால் பல்லுக்குள் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. சோங்தாவ் ஷி என்ற ஆய்வாளர் தன் ஆறு வயது மகளின் விழுந்த பல்லுக்குள் சிவந்த திசு ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார், 2003இல் அது வெளியானது. ஆனால் நான் சொன்ன அதே 2017 நெறிமுறைப்படி இந்தியாவில் ஸ்டெம் செல்லுக்காகச் சேமித்து வைக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே. பல்லைச் சேமிக்கும் வணிகத்துக்கு அங்கீகாரம் இல்லை. அதோடு, 2025 சீன ஆய்வில் பயன்படுத்தியது அவரவர் செல்லை அல்ல, வேறொருவர் தந்ததை என்று பார்த்தோம். நாளைக்கு இந்தச் சிகிச்சை வந்தாலும் அது மருந்துக்கடைக் குப்பிபோல் தயாராக வரவே வாய்ப்பு அதிகம். உங்கள் பேத்தியின் பல் உறைபெட்டியில் இருக்க வேண்டிய தேவையே வராது என்பது என் கணிப்பு. நம் வீடுகளில் செய்வதுபோல் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியட்டும், குழந்தைக்கு அந்தச் சந்தோஷமாவது மிஞ்சும்.

இனி உங்கள் மாமியார் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்டெம் செல் பேச்சைவிட இந்தப் பயம்தான் நம் பக்கத்தில் அதிகம் பற்களைக் கொண்டுபோகிறது. காரை எடுத்தால் பல் ஆடுமா? அம்மா பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் பார்த்திருப்பார். எலும்பு கரைந்துபோன பற்களைக் கல்லாக இறுகிய காரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், முன்பே தளர்ந்திருந்த பல் தளர்ந்ததாகவே வெளியே தெரியும். வீங்கிய ஈறு வற்றுவதால் பல்லிடுக்கில் சந்து தெரியும், சில நாள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். க்ளீனிங் பல்லை ஆட்டவில்லை. ஏற்கெனவே நடந்த சேதத்தை மறைத்திருந்த திரையை விலக்குகிறது. அந்தக் காரையை அப்படியே விட்டால், அதன் சொரசொரப்பில் தங்கும் கிருமிகள் மீதி எலும்பையும் கரைக்கும். வாரங்கள் செல்லச் செல்ல வீக்கம் வடிந்து, லேசாக ஆடிய பற்களில் பல தாமாகவே ஓரளவு இறுகும். இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

எனவே முதலில் க்ளீனிங். மேலோட்டமாகச் சுரண்டுவது மட்டுமல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும், இதற்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கலாம். தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுப் பையின் ஆழத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டர் வரை நலம், ஐந்து ஆறுக்கு மேல் என்றால் கவனம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து, ஆழம் குறையாத இடங்களில் மட்டும் அறுவை பற்றிப் பேசலாம்.

அறுவையிலும் எல்லாப் பல்லுக்கும் எலும்பு வளராது. இதை உங்கள் வீட்டுக்காரர் எளிதாகப் புரிந்துகொள்வார். உப்பளப் பாத்தியைச் சுற்றி வரப்பு இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். வேரைச் சுற்றி எலும்புச் சுவர் மிச்சமிருந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அங்கே பி.ஆர்.எஃப். கட்டியோ எலும்புத் துகளோ சவ்வோ வைத்துப் பலன் காணலாம். வரப்பெல்லாம் கரைந்து எலும்பு மட்டமாக இறங்கியிருந்தால் எதை வைத்தாலும் நிற்காது. கீழ் முன்பற்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் பார்க்கிறோம். அங்கே பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாகச் சேர்த்துக் கட்டிவிட்டால் பல ஆண்டுகள் ஓட்டலாம். கடைவாய்ப்பல் எந்த வகை என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும்.

சர்க்கரையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சர்க்கரை கூடியிருந்தால் ஈறு ஆறாது, ஈறு புண்ணாக இருந்தால் சர்க்கரை இறங்காது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1சி என்ற சர்க்கரை அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. சர்க்கரை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டுங்கள்.

புகையிலை போக வேண்டும். வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை, ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கிவிடுகிறது. பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. முத்து வளர்க்கிறவர்கள் சிப்பியைக் கழுவாமல் உருண்டையை வைப்பதில்லை. புகையிலைச் சாறு ஊறும் வாயில் எந்தச் செல்லை வைத்தும் பயனில்லை. ஒரேயடியாக விட முடியவில்லை என்றால் அதற்கும் மருத்துவ உதவி இருக்கிறது, கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உப்பையும் சாம்பலையும் போட்டு அழுத்தித் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்கட்டும். சந்து விழுந்த இடங்களுக்குப் பல்லிடுக்கு பிரஷ் என்று தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள்.

வருகிற வாரமே அவரைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, நீங்கள் நம்பும் ஈறு நோய் நிபுணரிடமோ அழைத்துப் போங்கள். சர்க்கரைச் சீட்டையும் முந்தைய எக்ஸ்ரேயையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் மாமியாரையும் உடன் அழைத்துப் போய், க்ளீனிங் செய்யும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்று மாதம் கழித்து, முதலில் அளந்த ஆழத்தையும் பிறகு அளந்த ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.